விண்ணின் விளிம்பு வரை

நுழையும்முன்

அரசுகள் மட்டுமே எட்டிய விண்வெளியை இன்று தனியார் நிறுவனங்களும் எட்டுகின்றன. பயிற்சி பெற்ற வீரர்கள் மட்டுமே சென்ற உயரத்திற்குக் கட்டணம் செலுத்திய பயணியரும் செல்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இதில் தமிழகத்தின் பங்கு யாது?

மேட்டூரிலிருந்து சேலம் சென்று திரும்பும் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அத்தொலைவைச் செங்குத்தாக நிமிர்த்தினால், அதன் மேல்முனை விண்வெளியின் விளிம்பைத் தொடும். அவ்வுயரத்தில் உள்ள கார்மன் கோடே விண்வெளியின் எல்லை எனப் பலராலும் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவிலோ 80 கிலோமீட்டரைக் கடந்தவரே விண்வெளி சென்றவராக மதிக்கப்படுகிறார்.

உயரமும் வேகமும்

விண்வெளியைத் தொடுவது வேறு. அங்கேயே தங்கிச் சுற்றுவது வேறு. மேட்டூர் அணையில் தேங்கிய காவிரி நீரின் ஆற்றல் அதன் உயரத்தால் அமைவது. மதகின்வழிச் சீறிப் பாயும் நீரின் ஆற்றல் அதன் வேகத்தால் அமைவது. விளிம்பைத் தொட்டுத் திரும்பும் கலத்திற்கு உயர ஆற்றலே போதும். புவியைச் சுற்றிவரும் கலத்திற்கோ, மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகமும் வேண்டும். ஒரு கிலோகிராம் பொருளை 100 கிலோமீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ முப்பது மடங்கு ஆற்றல் அவ்வேகத்திற்குத் தேவை. எனவேதான் தனியார் முயற்சிகள் பலவும் சுற்றுப்பாதையை எட்டாத பயணத்திலிருந்தே தொடங்கின. அதனைத் துணைச் சுற்றுப்பாதைப் பயணம் என்பர்.

இப்பயணத்தில் சில நிமிடங்கள் எடையின்மை உணரப்படும். அங்குப் புவியீர்ப்பு இல்லை என்பது பிழையான எண்ணம். 100 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மூன்று விழுக்காடு அளவே குறைகிறது. எந்திரம் நின்றபின் கலமும் பயணியும் ஈர்ப்புக்கு மட்டுமே உட்பட்டு ஒன்றாக இயங்குவதால், இருக்கை பயணியைத் தாங்குவதில்லை. அதனால் அவர் மிதக்கிறார்.

தனியார் வருகை

2004ஆம் ஆண்டு 'ஸ்பேஸ்ஷிப்ஒன்' என்னும் தனியார் கலம் இரு வாரங்களுக்குள் இருமுறை 100 கிலோமீட்டரைக் கடந்து, ஒரு கோடி டாலர் பரிசை வென்றது. 2021 ஜூலையில் வெர்ஜின் கேலக்டிக், புளூ ஆரிஜின் ஆகிய நிறுவனங்களின் நிறுவனர்கள் தத்தம் நிறுவனக் கலங்களில் பறந்தனர். வெர்ஜின் கேலக்டிக் கலத்தில் ஆந்திரத்தில் பிறந்த சிரிஷா பண்ட்லாவும் பயணம் செய்தார். 2024 மே 19 அன்று, கோபி தோட்டகூரா விண்வெளி சென்ற முதல் இந்தியச் சுற்றுலாப் பயணி ஆனார்.

தமிழகத்தின் தடம்

இந்திய விண்வெளி வரலாறும் துணைச் சுற்றுப்பாதையிலேயே தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ஏவூர்தி அத்தகையதே. 2020இல் ஒன்றிய அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2022 நவம்பர் 18 அன்று ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் ஏவிய 'விக்ரம்-எஸ்' 89.5 கிலோமீட்டர் உயர்ந்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கெனத் தனி ஏவுதளம் அமைத்தது. நான்கு முறை ஏவுதல் தள்ளிப்போன பின்னரும் தளராமல், 2024 மே 30 அன்று தன் சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது. அதன் எந்திரம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவானது. இணைப்புகள் குறைந்தால் கசிவுக்கான வாய்ப்பும் உருவாக்கும் காலமும் குறையும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும்போது, இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியதில்லை, எரிபொருள் மிஞ்சும்.

விடை தேடும் வினாக்கள்

இந்தியத் தனியார் ஏவூர்தி எதுவும் இதுவரை மனிதரைச் சுமந்ததில்லை. கருவி கெட்டால் மீண்டும் செய்யலாம். உயிரை மீட்க இயலாது. 2014 அக்டோபர் 31 அன்று 'ஸ்பேஸ்ஷிப்டூ' சோதனைப் பறப்பில் சிதைந்து, துணை விமானி உயிரிழந்தார். ஆகவே, ஆபத்தில் பயணியரை விடுவிக்கும் அமைப்பு முதல் தேவையாகிறது. ககன்யான் திட்டத்திற்காக இஸ்ரோ 2023 அக்டோபர் 21 அன்று அத்தகைய அமைப்பையே சோதித்தது.

கட்டணமும் ஒரு தடை. 2021இல் வெர்ஜின் கேலக்டிக் ஓர் இருக்கைக்கு நிர்ணயித்த விலை நான்கரை லட்சம் டாலர். சில எரிபொருள்கள் உமிழும் கரித்துகள், மழை கழுவ முடியாத மேலடுக்கில் நெடுங்காலம் தங்கக்கூடியது. சிலரது சில நிமிட இன்பத்திற்காக அனைவருக்கும் உரிய காற்றுவெளி மாசுறலாமா என்னும் வினாவை ஒதுக்கிவிட இயலாது.

எனினும், சுற்றுலாவுக்காகச் செம்மையாகும் நுட்பம் சுற்றுலாவோடு நின்றுவிடுவதில்லை. மீண்டும் பயன்படும் எந்திரமும் குறைந்த செலவில் ஏவும் முறையும் வானிலை அறியவும், வெள்ளத்தை முன்னறிவிக்கவும், பயிர்நிலையைக் கணிக்கவும் உதவும் செயற்கைக்கோள்களுக்கும் பயன்படும். விண்ணின் விளிம்பைத் தொடுவோர் சிலராகவே இருக்கலாம். அதன் பயன் மண்ணில் வாழும் பலரைச் சேரும்போதே அம்முயற்சி முழுமை பெறும்.