ரயருக்குள் ஒரு பஞ்சு

புத்தளக் கடற்கரை யாத்திரிகர்களை இன்று நேற்று அறிந்த இடமன்று. 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா இக்கரையில் வந்திறங்கினார். முஸ்லிம் மக்கள் பாவாத மலை என்றும் சைவர்கள் சிவனொளிபாத மலை என்றும் வழங்கும் மலையைக் காண விரும்பிய அவருக்கு, ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்கையும் அதனைச் சுமக்க ஆட்களையும் கொடுத்து உதவினான். பல்லக்குக்குக் காற்றடிக்க வேண்டுவதில்லை. ஆகவே பஞ்சர் என்னும் துன்பத்தை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. எமக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

இருதய நோயாளியான எமது மாமியாரைப் புத்தளத்தில் ஒரு விசேட வைத்தியரிடம் காட்டுவதற்குக் காலை 8 மணிக்குத் தவணை கிடைத்திருந்தது. விடியுமுன்பே கற்பிட்டியிலிருந்து மைத்துனருடைய காரிற் புறப்பட்டோம். புதிய மின்சாரக் கார். ஓடுவதே தெரியாத அளவுக்கு அமைதியானது. கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வரை சுமார் 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், இடையில் மணலும் வெங்காயத் தோட்டங்களும் காற்றாலைக் கோபுரங்களும். வீதியின் நடுவே நின்று யோசனை செய்யும் கழுதைகளுக்கும் குறைவில்லை. அழகான பாதைதான், ஆனால் அந்த நேரத்தில் அங்கே திறந்திருக்கும் ரயர் கடை ஒன்றைக் காண்பது அரிது.

நுரைச்சோலையை அணுகியபோது காரின் முன்தட்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தோம். முன் சில்லின் ரயரில் ஓர் ஆணி ஏறியிருந்தது. மேலதிகச் சில்லு எங்கே என்று பின்பெட்டியைத் திறந்தால், அதற்குரிய இடமே இல்லை. பாரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காக இக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஒரு சிறு காற்றுப் பம்பியையும் ஒரு போத்தல் பஞ்சர் அடைப்புத் திரவத்தையும் மட்டுமே வைத்து அனுப்புகிறார்கள். மைத்துனர் தாமதியாமல் ஆணியைப் பிடுங்கி எறிந்தார், போத்தல் முழுவதையும் வால்வு வழியாகச் செலுத்தினார், காற்றடித்தார், புறப்பட்டார்.

இரண்டு மூன்று கிலோமீற்றர் போவதற்குள் கார் நடுங்கத் தொடங்கிற்று. கைச்சில்லு மைத்துனருடைய கைகளில் நிற்கவில்லை. விளக்கோ மறுபடியும் எரிந்தது. ஈற்றில் வழியில் வந்த முச்சக்கர வண்டியொன்றை மறித்து, மாமியாரை அதில் ஏற்றி அனுப்பினோம். அவர் போய்ச் சேர்ந்தபோது வைத்தியர் புறப்பட்டுவிட்டார். தவணை அடுத்த மாதத்துக்குப் போயிற்று. இருதயத்தில் வலியுள்ள ஒருவருக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளமானது என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

காரைப் பின்னர் லொறியொன்றில் ஏற்றிப் புத்தளத்திலுள்ள ஒரு ரயர் கடைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த நானா ரயரைக் கழற்றி உட்புறத்தைக் காட்டியபோது நாம் திகைத்தோம். உள்ளே சுற்றிவர, மெத்தையில் இடும் பஞ்சுபோன்ற சாம்பல் நிறப் பட்டையொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதி பாலில் ஊறிய பாணைப் போலக் கனத்துக் கிடந்தது.

“ரயருக்குள் பஞ்சு இருப்பது தெரியாதா, தம்பி? ஊற்றிய பால் அவ்வளவையும் இதுதானே குடித்திருக்கிறது!” என்றார் நானா.

ஊரின் பெயரிலும் நுரை, ரயருக்குள்ளும் நுரை! நாம் மட்டும் எதையும் அறியாதிருந்தோம்.

இந்தப் பட்டை எதற்காக? ரயருக்குள் அடைபட்ட காற்று, குழலுக்குள் இருக்கும் காற்றைப் போலத் தனக்கென ஒரு முழக்கம் உடையது. வீதியின் அதிர்ச்சி பட்டவுடன், ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ் அளவில், அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் அது ஒலிக்கும். பெற்றோல் காரில் இயந்திரத்தின் இரைச்சல் அதனை ஓரளவு மறைத்துவிடும். மின்சாரக் காரில் மறைப்பதற்கு இயந்திர இரைச்சல் இல்லை. ஆகையால் பொலியூரித்தேன் நுரைப்பஞ்சை உள்ளே ஒட்டி அந்த ஒலியை அடக்குகிறார்கள். மிச்செலின், கொண்டினென்டல், பிரெல்லி முதலிய கம்பனிகள் இத்தகைய ரயர்களைச் செய்கின்றன. பக்கச் சுவரில் ‘அக்குஸ்டிக்’, ‘சைலன்ட்’, ‘பி.என்.சி.எஸ்.’ போன்ற ஆங்கிலக் குறிகள் இருந்தால், உள்ளே பஞ்சு உண்டு என்று கொள்ளலாம்.

அடைப்புத் திரவங்களிற் பல இறப்பர்ப் பாலாலானவை. 1876இல் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளால் இலங்கை அறிந்துகொண்ட அதே பால்தான். சில்லு சுழலும்போது இத்திரவம் ரயரின் உட்புறமெங்கும் பரவி, காற்று வெளியேறும் துவாரத்தைத் தேடிச் சென்று அங்கே உறைய வேண்டும். பஞ்சுள்ள ரயரிலோ திரவத்தின் ஒரு பங்கு துவாரத்தை அடையுமுன்பே பஞ்சினால் உறிஞ்சப்படலாம். ஓரிடத்தில் கூடுதலாக ஊறினால் சில்லின் சமநிலை கெட்டுவிடும். எம் காரின் நடுக்கத்துக்குக் காரணம் இதுவே.

இவ்விடயத்தில் செய்வோரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். பஞ்சுள்ள ரயரிலும் தம் திரவத்தை உபயோகிக்கலாம் என்பாரும் உளர்; கூடாது என்று எச்சரிப்பாரும் உளர். ஆகவே காருடன் தரும் கைந்நூலை, வீட்டில் ஓய்வாக இருக்கும்போதே ஒருமுறை படித்துவிடுவது நன்று. நுரைச்சோலை வீதியில் நின்று படிப்பது சுகமான காரியமன்று.

நானா சொன்னவற்றுள் எம்மை மிகவும் வருத்தியது ஒன்று. “ஆணியை ஏன் பிடுங்கினீர்கள்? அதுதானே அடைப்பு!” என்றார். ரியூப் இருந்த காலத்தில் ஆணி குத்தியவுடன் காற்று விரைவில் இறங்கிவிடும். ரியூப் இல்லாத இக்காலத்து ரயரில் ஆணி இறுகி நிற்கும்; காற்று மெல்ல மெல்லவே கசியும். ஆணியை அவ்வாறே விட்டு, பம்பியால் உரிய அமுக்கத்துக்குக் காற்றடித்து, மெதுவாகச் சென்று, இடையிடையே நின்று மறுபடி அடித்திருந்தால், பெரும்பாலும் புத்தளம் வரை போயிருக்கலாம். காற்று சற்றும் நில்லாது, நிற்குமிடமும் ஆபத்தானது என்ற நிலை வந்தால் திரவத்தை ஊற்றத்தான் வேண்டும்; மனிதரைவிட ரயர் பெரிதன்று. ஆனால் அது சில்லின் நடுப்பகுதியில் ஏற்படும் சிறு துவாரத்துக்கே உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் பயனில்லை. ஊற்றிய பின்னர் வேகம் 80 கிலோமீற்றரைத் தாண்டலாகாது என்பது பொதுவான விதி. போத்தலுக்கும் காலாவதித் தேதி உண்டு. ரயர் கடைக்காரரிடம் திரவம் ஊற்றியதை முதலிலேயே சொல்லிவிடுவதும் அவசியம். அமுக்கத்தை அறியும் சிறு கருவி உள்ளே இருந்தால், அதனையும் அவர் கழுவித் துடைக்க வேண்டியிருக்கும்.

பஞ்சுள்ள ரயரைத் திருத்த முடியாது என்று சிலர் சொல்வது பிழை. நானா துவாரத்தைச் சுற்றிய பஞ்சைச் சதுரமாக வெட்டி எடுத்தார். ஊறிப்போன பகுதியையும் நீக்கினார். உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறப்பர் ஒட்டுப் போட்டார். பின்னர் சில்லைச் சுழலவிட்டுச் சமநிலை பார்த்து, ஓர் ஈயத்துண்டைப் பொருத்தினார். பஞ்சு குறைந்த அந்தச் சில்லு இப்போது சற்று முணுமுணுக்கிறது என்கிறார் மைத்துனர். எமக்குக் கேட்கவில்லை.

அடுத்த மாதத் தவணைக்கு மைத்துனர் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினார். புதிதாக வாங்கிய பம்பியையும் எடுத்துக் காட்டினார். மாமியார் பம்பியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பின் குடையை எடுத்துக்கொண்டு புத்தளம் பஸ்ஸுக்கு நடந்தார்.