பின்னோக்கும் வண்டிக்குக் கண்ணா, காதா?

நம் சங்கத்து அன்பர்களில் பிக்கப் வண்டி வைத்துச் சரக்கு ஏற்றிப் பிழைப்போர் சிலர் உளர். வண்டியைப் பின்னால் எடுக்கக் காமிரா நல்லதா, சென்ஸார் நல்லதா என்பது அவர்கள் கேள்வி. ஒன்றுதான் வாங்க இயலுமெனில், காமிராவே நம் தேர்வு.

சென்ஸார், செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிவது. சுவருக்கு அது போதும். மெல்லிய கம்பியும், வண்டியருகே தரையில் குந்தி விளையாடும் குழந்தையும் அதற்குத் தப்பிவிடக் கூடும். நம் குடியிருப்புச் சந்துகளில் அஞ்சவேண்டியது இதைத்தான். பின்னால் வந்த வண்டிகளில் சிக்கிக் குழந்தைகள் மாண்டதாலேயே அமெரிக்காவில் சட்டம் பிறந்தது. 2018 மே முதல் அங்கே பிக்கப் உட்பட இலகுரகப் புது வண்டிகளுக்குக் காமிரா கட்டாயமாயிற்று.

காமிராவுக்கும் குறை உண்டு. மழைக்காலச் சேறு அதன் கண்ணை மறைக்கும். தினமும் துடைக்க வேண்டும். அகலக் காட்டும் கண்ணாடியாதலால் அருகிலுள்ளது தொலைவாய்த் தோன்றும். பின்கதவில் பொருத்தினாலோ, மூங்கில் ஏற்றக் கதவைத் தாழ்த்தியதும் அது தரையைத்தான் காட்டும். ஆகவே கதவில் வேண்டாம். கீழே பம்பரில் பொருத்தச் சொல்லுங்கள். ஷண்டிங்கில் தரையில் நின்று கைகாட்ட ஓர் ஆள் இருப்பதுபோல், கிளீனர் பையனையும் இறக்கி நிறுத்துங்கள்.