ஆணி இல்லாத வள்ளம்



"கோடை விடுமுறையில் என்ன செய்தீர்கள்?" என்று ஆசிரியை கேட்டபோது "வள்ளம் கட்டி முடித்தோம்" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. காகித வள்ளம் என்று நினைத்தீர்கள் போல. இல்லை, 16 அடி நீளமான உண்மையான மரக் கனூ. எங்கட வீட்டு கராஜிலதான் கட்டினோம். அப்பாவுக்கும் எனக்கும் இது முதல் வள்ளம். இரண்டு வின்ரர் போனது. எப்படிக் கட்டினீர்கள் என்று எழுதித் தா என்று ஆசிரியை கேட்டதால் இந்த முறை சுவர் இதழில் என் பக்கம் இதுதான்.

முதலில் ஒரு விசயம். கனூ என்பது இந்த மண்ணின் முதற்குடி மக்கள் உருவாக்கிய வள்ளம். பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்து, பொருத்துகளுக்குப் பிசின் பூசிக் கட்டினார்கள். அதிலும் ஆணி கிடையாது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் எங்கட ஒன்ராறியோவில் உள்ள பீற்றர்பறோ நகரத்துத் தச்சர்கள் சீடர் மரத்தைக் கீலம் கீலமாக அறுத்துக் கனூ கட்டத் தொடங்கினார்கள். உள்ளுக்கு விலா எலும்பு மாதிரி வளைத்த சட்டங்கள் இருக்கும். இந்தக் காலத்தில் அந்தச் சட்டங்கள் வேண்டாம். கீலங்களைப் பசையால் ஒட்டி, உள்ளும் வெளியும் கண்ணாடி நார்த் துணி போர்த்தால் போதும். ரெட் மூர்ஸ் என்பவர் 1983இல் 'கனூகிராஃப்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் கட்டுகிற பலருக்கு அதுதான் வழிகாட்டி. அப்பாவும் அதை நூலகத்தில் எடுத்து, திருப்பிக் கொடுத்து, திரும்ப எடுத்துப் படித்தார்.

எங்கள் அப்பப்பா வல்வெட்டித்துறைக்காரர். இளம் வயதில் ஓடாவிமாரோடு மீன்பிடி வள்ளம் கட்டின கை. அவருடைய ஊரில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் ஓடி வந்தது என்பதை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒருதரமாவது சொல்லுவார். அவருக்கு அப்பாவின் திட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஆணியும் இல்லை, ஏராவும் இல்லை. கலப்பத்தும் அடிக்கேல்லை. பசையிலையோ மிதக்கப் போறியள்?" என்று கேட்டார்.

அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. புத்தகம் மட்டும்தான் இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும். நீளமான ஒரு பெட்டிச் சட்டத்தின் மேல், அடிக்கு ஒன்றாக, வள்ளத்தின் குறுக்கு வடிவத்தில் வெட்டிய பலகை அச்சுகளை நிறுத்துவோம். தூரத்தில் நின்று பார்த்தால் பெரிய மீனின் முள்ளு மாதிரி இருக்கும். ஒரு அச்சு கோணலாக நின்றால் வள்ளமும் கோணல்தான். அதனால் நூல் கட்டிப் பார்த்து, கழற்றி, திரும்ப நிறுத்தி, இதற்கே நான்கு சனி ஞாயிறு போனது.

பிறகு கீலங்கள். ஒவ்வொன்றும் கால் அங்குல தடிப்பு, முக்கால் அங்குல அகலம். ஏன் இவ்வளவு ஒடுக்கம்? அகலப் பலகை ஒரு பக்கம் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளையாது. கனூவின் உடம்போ முட்டைக் கோது மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்தது. ஒடுக்கமான கீலம் என்றால் வளைந்தும் முறுகியும் கொடுக்கும். அதன் ஒரு விளிம்பு உருண்டையாகவும் மற்ற விளிம்பு குழிவாகவும் சீவப்பட்டிருக்கும். ஒன்றின் உருண்டை மற்றதன் குழிக்குள் இருப்பதால் எந்தக் கோணத்திலும் இடைவெளி விழாது.

சீடர் ஏன்? பாரம் குறைவு. ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ. காய்ந்த மேற்குச் செஞ்சீடர் 400 கிலோவும் வராது. நார் நேராக ஓடும், லேசில் உக்காது. மணமும் நல்லது. அந்த மணத்தால் வந்த வினையைப் பிறகு சொல்லுகிறேன்.

பசை காயும்வரை கீலத்தை அச்சோடு பிடித்து வைக்க ஸ்டேப்பிள் அடிப்போம். 70 கீலம், ஒவ்வொன்றுக்கும் அச்சுக்கு அச்சு ஒன்று. ஏறக்குறைய 1000. அவ்வளவையும் பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கியது யார் என்று கேளுங்கோ. நான்தான். முதல் வின்ரர் அதோடு முடிந்தது.

அடுத்தது சீவி மினுக்குவது. இங்கே அப்பப்பா சும்மா இருக்க முடியாமல் கதிரையை விட்டு எழும்பி வந்தார். "சீவுளியை இப்பிடிப் பிடிக்கிறதே?" என்று அப்பாவின் கையிலிருந்து வாங்கினார். அன்றிலிருந்து சீவுளி அவருடையது. அவருக்குக் கண்பார்வை குறைவு, கையால் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லுவார்.

சீவுவது மட்டும் என்றால் பரவாயில்லை. பிறகு மெசினால் சாண்ட் பேப்பர் போட்டோம். கராஜ் முழுக்கச் செம்மண் மாதிரித் தூசு. மூன்றாம் நாள் இரவு தம்பிக்கு இழுப்புத் தொடங்கியது. அவனுக்கு ஏற்கெனவே ஆஸ்த்மா. மேற்குச் செஞ்சீடரில் பிளிக்காற்றிக் அமிலம் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் தூசை மூச்சில் எடுக்கிற மர வேலையாட்களுக்கே ஆஸ்த்மா வரும் என்று மருத்துவம் கண்டுபிடித்திருக்கிறது. எங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அம்மா கராஜ் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துவிட்டா. ஐந்து கிழமை வேலை நின்றது. அந்த ஐந்து கிழமையும் அப்பாவும் அப்பப்பாவும் ஒருவரோடொருவர் அதிகம் கதைக்கவில்லை. தூசு உறிஞ்சுகிற மெசின், வடிகட்டி வைத்த முகமூடி, வீட்டுக்குள் போகிற கதவின் நீக்கல்களுக்கு ரேப், கராஜ் உடுப்பை அங்கேயே கழற்றுவது என்று அம்மா சட்டம் போட்ட பிறகுதான் திறப்பு வந்தது. நீங்கள் யாராவது கட்டினால் இதை முதல் நாளே செய்யுங்கோ.

இனித்தான் முக்கியமான இடம். வெறும் கால் அங்குலச் சீடர் எவ்வளவு பலம்? அப்பப்பா ஒரு துண்டை எடுத்து முழங்காலில் வைத்து டக் என்று முறித்துக் காட்டினார். அப்பா பேசாமல் இன்னொரு துண்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடித் துணி ஒட்டி, நன்றாக இறுகவிட்டுக் கொடுத்தார். அப்பப்பா முழங்காலில் வைத்தார். பிறகு படியில் வைத்து மிதித்தார். முறியவில்லை. "ம்" என்றார், அவ்வளவுதான்.

காரணம் இதுதான். இந்தச் சுவர் இதழ் ஒட்டியிருக்கிற காட்போட்டின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. இரண்டு தாள், நடுவில் நெளிந்த ஒரு தாள். தனித்தனியே எடுத்தால் மூன்றும் துவளும், சேர்த்து ஒட்டினால் விறைப்பாக நிற்கும். எங்கள் கனூவிலும் அப்படித்தான். வளைக்கும்போது ஒரு பக்கத் துணி இழுபடும், மற்றப் பக்கத் துணி நெரிபடும். அந்த இரண்டையும் விலகாமல் ஒட்டாமல் ஒரே தூரத்தில் பிடித்து வைப்பதுதான் நடுவில் இருக்கிற சீடரின் வேலை.

துணியை ஒட்டுவது எபொக்சி. பிசின் ஒரு போத்தல், இறுக்கி ஒரு போத்தல். குறிப்பில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். இறுக்கியைக் கூட ஊற்றினால் கெதியாக இறுகும் என்று நினைப்பது பிழை, ஒழுங்காக இறுகாது. கலந்ததை ஆழமான கப்பில் விட்டால் தானே சூடாகிப் புகையும். அகலத் தட்டில் ஊற்ற வேண்டும். வெள்ளைத் துணியின் மேல் ஊற்றித் தகட்டால் இழுக்க, துணி கண்ணாடி போலாகி மறைந்து மரத்தின் நிறம் தெரியும். நான் கட்டிய நாட்களில் மிகவும் வடிவான நிமிசம் அதுதான்.

அரை மணித்தியாலத்தில் பிரச்சினை வந்தது. மார்ச் மாதக் குளிர். எபொக்சி இறுகாமல் போய்விடுமோ என்ற பயத்தில், பூசி முடித்ததும் நாங்கள் ஹீற்றரைக் கூட்டினோம். மரம் சூடாகியது. மரத்தின் நுண்துளைகளுக்குள் இருந்த காற்று விரிந்து வெளியே வரப் பார்த்தது, மேலே ஈரமான எபொக்சி. வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் குமிழ்கள் எழும்பின. முதலில் கண்டது அப்பப்பாவின் விரல். "இதிலை காத்து நிக்குது" என்றார். ஹீற்றரை நிப்பாட்டி, மூன்று பேரும் தகட்டால் அமத்தி அமத்தி இழுத்தோம். இறுகத் தொடங்கியதும் கையை எடுக்கத்தான் வேண்டும். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

சரியான முறை தலைகீழ். முன்பே மரத்தைச் சூடாக்கி, ஹீற்றரைக் குறைத்து, மரம் ஆறும்போது பூச வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எபொக்சியை உள்ளே இழுக்கும். உட்பக்கத்துக்கு அப்படித்தான் செய்தோம், ஒரு குமிழும் இல்லை. வெளிப்பக்கத்தில் எழும்பியவற்றைத் தேய்த்து எடுத்து மேலே இன்னும் எபொக்சி பூசினோம். ஒரு கை அகலத்துக்கு வெள்ளைப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. தண்ணீர் போகாது, வடிவுதான் குறைவு.

ஆஷ் மரத்தில் விளிம்புச் சட்டம், இருக்கைகள், கடைசியாக வார்னிஷ். வெயில் எபொக்சியைக் கெடுக்கும் என்பதால் வார்னிஷ் கட்டாயம். குளியலறைத் தராசில் அப்பா வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார். அவருடைய நிறையைக் கழித்தால் 27 கிலோ.

ஜூலையில் பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் பேயில் இறக்கினோம். அப்பா பின்னால், நான் முன்னால், நடுவில் தலையணை போட்டு அப்பப்பா. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. அப்பப்பா மட்டும் "எனக்கென்னத்துக்கு?" என்று கேட்டு, அம்மா முறைத்த பிறகு போட்டார். கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார், ஈரம் வருகிறதா என்று. பிறகு என்னுடைய சவளைக் கேட்டார். கொடுத்தேன்.

பலகை அச்சுகள் இன்னும் கராஜில் ஒரு மூலையில் அடுக்கியிருக்கின்றன. யாருக்காவது கட்ட விருப்பம் என்றால் கேளுங்கோ, இரவலாகத் தருவோம். அம்மாவுக்குக் கார் விட இடம் கிடைக்கும்.

- 10ஆம் வகுப்பு மாணவி