முழங்கால் தண்ணீர் போதும்!

மாடியில் துணி காயப்போடப் போனால், எங்கள் ஊர்க் குளம் முழுசும் தெரியும். கொக்கு என்றால் சும்மா நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மடையான் அப்படித்தான், கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் இருந்து, மீன் கிட்டே வந்ததும் ஒரே கொத்து! சின்ன வெள்ளைக் கொக்கு அப்படி இருக்காது. அதற்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி, பயந்து ஓடுகிற மீனைப் பிடிக்கும். கூந்தன்குளம் பக்கமிருந்து வரும் மஞ்சள் மூக்கு நாரைக்குக் கண்ணே வேண்டாம். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் துழாவும். மீன் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். கரண்ட் போன நேரத்தில் டப்பாவுக்குள் கைவிட்டுப் புளி தேடுவோமே, அந்த மாதிரி!

இதெல்லாம் கணுக்கால், முழங்கால் தண்ணீரில்தான் நடக்கும். போன கோடையில் குளத்தைத் தூர் வாரினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கரையோரம் வரை செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். இப்போது தண்ணீர் நிறைய இருக்கிறது; நீர்க்காகம் முங்கி முங்கி மீன் பிடிக்கிறது, நாரையைக் காணோம். மாடு இறங்கவும் வழியில்லை. போய்க் கேட்டால், "கொக்குக்காகவா அக்கா குளம் வெட்டுதோம்?" என்று சிரிச்சாங்க. ஒரு பக்கமாவது சரிவாக மண் போட்டுத் தரச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் 11 பெண்கள் கையெழுத்துப் போட்டாச்சு.

- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்.