தாயை முதுகில் சுமந்தவர் கட்டிய மலை வீடு

அந்த வீட்டுக்குச் சாலை கிடையாது. கார் போகாது. பஸ் போகாது. போக வேண்டும் என்றால் காட்டு வழியே குறைந்தது ஐந்து மைல் மலை ஏற வேண்டும். ஏறிப் போன பிறகாவது சௌகரியம் உண்டா என்றால், அதுவும் இல்லை. மின்சார விளக்கு இல்லை. குளிக்கும் அறை இல்லை. டெலிவிஷன் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு, மரக் கட்டில், கம்பளிப் போர்வை, ஒரு வாளி வெந்நீர். இவ்வளவுதான்!

இப்படிப்பட்ட வீட்டில் ஓர் இரவு தங்குவதற்கு ஜனங்கள் போட்டி போடுகிறார்கள். அடுத்த வருஷம் தங்குவதற்கு இந்த வருஷமே விண்ணப்பம் அனுப்புகிறார்கள். கேட்பவர்கள் அதிகம், இடமோ குறைவு. ஆகவே குலுக்கல் போட்டுத்தான் பெயர்களை எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் இருக்கிறது லெகாண்ட் மலை. உயரம் 6,593 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே, அடர்ந்த ஊசியிலைக் காட்டின் நடுவே, சின்னச் சின்ன மரக் குடில்கள் நிற்கின்றன. இந்த விடுதி தோன்றி நூறு வருஷம் ஆகிவிட்டது.

நீலப் புகை மலை

இந்த மலைத் தொடருக்கு "ஸ்மோக்கி" மலைகள் என்று பெயர். புகை மலைகள் என்று அர்த்தம். காலையில் பார்த்தால் மலை முழுவதும் நீல நிறத்தில் புகை மூட்டம் போலத் தெரியும். அது புகை அல்ல. கோடிக்கணக்கான மரங்களின் இலைகள் வெளியிடும் ஆவியும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அப்படித் தோன்றுகிறது.

அங்கே ஆதியில் வாழ்ந்தவர்கள் செரோக்கி இந்தியர்கள். "நீலப் புகை இடம்" என்று அவர்களும் இந்த மலைகளைத் தங்கள் மொழியில் அழைத்தார்கள். 1838-ம் வருஷம் பட்டாளம் வந்து அவர்களை ஊரைவிட்டு விரட்டியது. வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சிலர் மலைக் காடுகளில் ஒளிந்து தப்பினார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் மலையின் மறுபக்கத்தில் வசிக்கிறார்கள். இத்தொடரிலேயே உயரமான சிகரத்துக்கு 2024-ல் பழைய செரோக்கிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். குவோஹி என்பது அதன் பெயர்.

செரோக்கியருக்குப் பின் குடியானவர்கள் வந்தார்கள். குடியானவர்களுக்குப் பின் மரக் கம்பெனிகள் வந்தன. அப்போதுதான் காட்டுக்கு ஆபத்து வந்தது. கம்பெனிகள் மலைக்குள் தண்டவாளம் போட்டன. ரெயில் ரெயிலாக மரம் இறங்கியது. மரம் போன சரிவுகளில் தீப் பிடித்தது. மழையில் மண் கரைந்து ஓடியது. 1920-க்குள் காட்டின் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது. லெகாண்ட் மலையின் மேல் பாகம் மட்டும் கோடரி படாமல் நின்றது. அந்த நிலத்தை வைத்திருந்தது ஒரு காகிதக் கம்பெனி. அங்கே நின்ற மரமோ காகிதக் கூழுக்கு ஏற்றது. எத்தனை நாள் விட்டு வைப்பார்கள்?

ஒரு பெண்மணியின் கேள்வி

பக்கத்து நகரம் நாக்ஸ்வில். அங்கே ஆன் டேவிஸ் என்ற பெண்மணி இருந்தார். 1923-ல் அவரும் கணவரும் நாட்டின் மேற்குப் பகுதிக்குப் பிரயாணம் போய், சர்க்கார் பாதுகாக்கும் தேசியப் பூங்காக்களைப் பார்த்து வந்தார்கள். நமது மலையும் அழகில் குறைந்ததல்லவே, அதற்கு மட்டும் ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று அந்த அம்மையார் கேட்டார். கணவர் அதையே ஊர்ப் பிரமுகர்களிடம் கேட்டார். பேச்சு பரவியது. சங்கம் ஏற்பட்டது.

ஆனால் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்களுக்குக் காட்டின் அருமை எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்க வேண்டும். 1924 ஆகஸ்டில் சர்க்கார் கமிட்டியைச் சேர்ந்த சிலரை லெகாண்ட் உச்சிக்கு அழைத்துப் போனார்கள். வந்தவர்கள் பார்த்து மலைத்தார்கள். இனி வருகிறவர்கள் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. ஆக, இந்த விடுதி பிறந்தது காட்டைக் காப்பாற்றுவதற்காக. கண்டவர் மனம் மாற வேண்டும் என்பதே திட்டம்.

கடைக்குப் போன நாய்

1925-ம் வருஷம் பால் ஆடம்ஸ் என்ற வாலிபர் மலை மேல் முகாம் அமைத்தார். முதலில் கூடாரம். பிறகு மரத்தை வெட்டி ஒரு சிறு குடில். படுக்கைக்கு ஊசியிலைக் கொப்புகளே மெத்தை! அவருக்குத் துணை ஒரு நாய். பெயர் "ஸ்மோக்கி ஜாக்".

இந்த நாய் சாதாரண நாய் அல்ல. அடிவாரத்தில் கேட்லின்பர்க் என்ற ஊர். அங்கே ஒரு மளிகைக் கடை. வேண்டிய சாமான்களைச் சீட்டில் எழுதி, நாயின் முதுகில் பையைக் கட்டி அனுப்பிவிடுவார் ஆடம்ஸ். நாய் தன்னந்தனியாக மலை இறங்கும். கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமான்களைப் பையில் வைத்துக் கட்டுவார். நாய் திரும்ப மலை ஏறி எஜமானிடம் சேர்க்கும். வழியில் கரடி உண்டு, பனி உண்டு, வழுக்குப் பாறை உண்டு. பையில் இருக்கும் தின்பண்டத்தின் வாசனையும் உண்டு! ஆனாலும் சாமான் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஆடம்ஸ் இந்த நாயைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஒரு நாற்காலி

1926-ல் முகாம் ஜாக் ஹஃப் என்பவர் கைக்கு வந்தது. இவரும் வாலிபர். தகப்பனார் கேட்லின்பர்க்கில் ஓட்டல் நடத்தியவர். ஜாக் பெரிய குடில்களாகக் கட்டத் தொடங்கினார். உச்சிக் காட்டு மரங்களே சுவர்களாயின. ஆணியையும் கண்ணாடியையும் அடுப்பையும் கீழே இருந்துதான் கொண்டு போக வேண்டும். முதுகே வண்டி!

மகன் மலை உச்சியில் வீடு கட்டுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய தாயார் மார்த்தாவுக்கோ உடல் நலமில்லை. மலை ஏறுவது அவரால் ஆகாத காரியம். ஆனால் அந்த வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

தாயாரின் ஆசை ஜாக்குக்குத் தெரிந்தது. சாதாரண மர நாற்காலி ஒன்றை எடுத்தார். தோளில் மாட்டிக் கொள்ள அதில் வார்களைப் பொருத்தினார். தாயாரை அதில் உட்கார வைத்தார். நாற்காலியோடு முதுகில் தூக்கிக் கொண்டு மலை ஏறினார்!

கண் தெரியாத தாய் தகப்பனைக் காவடியில் வைத்துச் சுமந்த சிரவணன் கதை நமக்குத் தெரியும். பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். இது கதையல்ல, நடந்தது. அந்தக் காட்சியைப் படம் பிடித்திருக்கிறார்கள். மகன் முன்னே பார்த்து நிற்கிறார். முதுகோடு முதுகாகத் தாயார் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஏற வேண்டிய வழியை அந்த அம்மாள் பார்த்திருக்க முடியாது. கீழே கீழே போய்க் கொண்டிருக்கும் பள்ளத்தாக்கையும், தான் வாழ்ந்த ஊர் சிறுத்துக் கொண்டே போவதையும்தான் பார்த்திருப்பார்.

1934-ல் ஜாக்குக்குக் கல்யாணம். மணமகள் பாலின். கல்யாணம் எங்கே? கோயிலிலா? ஓட்டலிலா? லெகாண்ட் மலையில் "மிர்ட்டில் முனை" என்ற பாறை முகட்டில், சூரியன் உதிக்கும் நேரத்தில்! அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகத் தம்பதிகள் இருவரும் இந்த விடுதியை நடத்தினார்கள்.

காடு பிழைத்தது, வீடுகள் போயின

அதே 1934-ல்தான் தேசியப் பூங்காவும் ஏற்பட்டது. அது சுலபமாக நடக்கவில்லை. நிலம் வாங்க முதலில் மத்திய சர்க்கார் பணம் தரவில்லை. இரண்டு மாநில சர்க்கார்கள் கொடுத்தன. பொதுமக்கள் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். போதவில்லை. 1928-ல் ராக்பெல்லர் என்ற கோடீசுவரர் 50 லட்சம் டாலர் கொடுத்தார். காலமான தம் தாயாரின் நினைவாகக் கொடுத்த பணம் அது. காகிதக் கம்பெனியோடு வழக்காடி, 1931-ல் 30 லட்சம் டாலர் கொடுத்து லெகாண்ட் பகுதி நிலத்தை வாங்கினார்கள். 1940-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து பூங்காவை மக்களுக்கு அர்ப்பணம் செய்தார்.

கம்பெனிக்குப் போன பணத்தை எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். குடியானவர்களின் கண்ணீருக்குக் கணக்கு இல்லை. பூங்காவுக்காக நிலம் விட்டவர்கள் 1,200 பேருக்கு மேல். சோளம் விதைத்த வயல், ஆப்பிள் தோட்டம், மாதா கோயில், பெரியவர்களின் சமாதி எல்லாவற்றையும் விட்டு இறங்கினார்கள். "வாக்கர்" சகோதரிகள் ஐவர், கல்யாணம் செய்து கொள்ளாதவர்கள், தகப்பன் வீட்டை விட்டு நகர மறுத்தார்கள். தறியில் தாங்களே துணி நெய்து, தோட்டத்தில் தாங்களே பயிர் செய்து வாழ்ந்தவர்கள். கடைசியில் 1941-ல், 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். உயிர் உள்ளவரை அங்கேயே வாழலாம் என்ற உரிமையோடு கொடுத்தார்கள். ஐவரில் கடைசியாக இருந்தவர் 1964-ல் காலமானார். அவர்களுடைய மர வீடு இன்றும் காட்டில் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை.

இன்று போகிறவர்கள்

லெகாண்ட் உச்சிக்கு ஐந்து பாதைகள் உண்டு. குறுகிய பாதை ஐந்து மைல், செங்குத்து அதிகம். பாதி வழியில், குடை பிடித்தது போல ஒரு பெரிய பாறை முன்னே நீட்டிக் கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் பாறை விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும். பிடித்துக் கொள்ள இரும்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம்!

ரூஃபஸ் மார்கன் என்ற பாதிரியார் இந்த மலையில் 170 தடவைக்கு மேல் ஏறியவர். கண் பார்வை மங்கிய பிறகும், தொண்ணூறு வயது தாண்டிய பிறகும் ஏறினார்.

உயரம் ஏற ஏறக் காடு மாறுகிறது. அகன்ற இலை மரங்கள் குறைந்து ஊசியிலை மரங்கள் வருகின்றன. குளிர் உறைக்கிறது. கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் போகக் கூடாது. மழையும் அதிகம், வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல். உச்சியில் பட்டுப் போன வெள்ளை மரங்கள் நிற்பதைப் பார்த்துப் பலர் தீப் பிடித்ததோ என்று நினைப்பார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு பூச்சியின் வேலை. கோடரிக்குத் தப்பிய மரங்களைப் பூச்சி விடவில்லை. ஆனால் அவற்றின் அடியில் இளம் கன்றுகள் பச்சைப் பசேலென்று வருகின்றன.

விடுதியில் சுமார் 60 பேர் தங்கலாம். களைத்து வருகிறவர்களுக்குச் சூடான காப்பி, கோக்கோ தருகிறார்கள். மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மணி. சூப், மாட்டிறைச்சிக் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி, பழம். முன்கூட்டியே சொன்னால் சைவச் சாப்பாடும் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் கால் வலி. ஆகவே பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியதில்லை.

சாப்பிட்ட பிறகு பாறை முகட்டுக்குப் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம். அல்லது குடில் வாசலில் ஆடும் நாற்காலியில் உட்காரலாம். இருட்டினால் கீழே கேட்லின்பர்க் ஊர் விளக்குகள், யாரோ கொட்டி வைத்த மணிகளைப் போல மின்னுகின்றன. குடிலுக்குள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும். இரவில் கழிப்பிடம் போவதென்றால் டார்ச் லைட்டோடு வெளியே நடக்க வேண்டும். கரடிகள் உலவும் காடு; தின்பண்டத்தைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது.

விடியற்காலை இருட்டிலேயே சிலர் எழுந்து, ஜாக் ஹஃப் மாலையிட்ட அதே மிர்ட்டில் முனைக்கு நடக்கிறார்கள். மேகம் இல்லாவிட்டால் சூரியன் மலைமேல் மலையாக ஏறி வருவதைக் காணலாம். மேகம் இருந்தால் வெறும் வெள்ளைதான். போனது போனதுதான்!

இத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படி மேலே வருகிறது? வருஷத்தின் தொடக்கத்தில் ஒரு முறை ஹெலிகாப்டர் வந்து எரிவாயு, மாவு முதலிய கனமான சாமான்களை இறக்கிவிட்டுப் போகிறது. மற்றபடி, வாரத்துக்கு மூன்று நாள் லாமாக்கள் சுமந்து வருகின்றன. திபெத்து லாமா அல்ல! தென் அமெரிக்க மலைகளில் சுமை தூக்கும் மிருகம். ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆனால் திமில் கிடையாது. முன்பு குதிரைகள் சுமந்தன. அவற்றின் குளம்பு பட்டுப் பாதை அரித்தது. லாமாவின் பாதம் மெத்தென்று இருக்கும், பாதை கெடாது. ஆகவே 1986-லிருந்து இந்த வேலை லாமாக்களுக்கு. ஓர் அருவியின் பின்பக்கமாகப் போகும் பாதையில் அவை வரிசையாக ஏறி வருகின்றன.

வரும்போது சலவைத் துணியும் உணவுப் பொருளும். போகும்போது அழுக்குத் துணியும் குப்பையும். இடையே சற்று நேரம் ஓய்வு. காலைப் பலகாரத்துக்குச் சுட்ட பான்கேக் என்ற மாவு அடையில் மிச்சம் இருந்தால் அவற்றுக்குத்தான் போடுகிறார்கள். மென்றுகொண்டே அவை முற்றத்தில் நிற்க, இரவு தங்கியவர்கள் மூட்டையைத் தோளில் மாட்டிக் கொண்டு ஒவ்வொருவராக மலை இறங்குகிறார்கள்.