வீட்டுக்கு மூன்று சாட்சி

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறோம். கொல்கத்தாவிலும் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கிறார்கள். சொந்த வீடு வாங்க ஆசை வருகிறது. தரகர் ஒரு வீட்டைக் காட்டுகிறார். "எல்லாம் சரியாக இருக்கிறது. இன்றே முன்பணம் கொடுங்கள்" என்கிறார்.

கொடுக்கலாமா? அவசரப்பட வேண்டாம். வீட்டைப் பார்த்தால் சுவர் தெரியும், கூரை தெரியும். வீடு யாருக்கு உரியது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று அரசு ஏடுகள் இருக்கின்றன. அவை மூன்று சாட்சிகள்.

முதல் சாட்சி: பதிவு அலுவலகம்

வீட்டை யார் யாருக்கு விற்றார்? அதை இந்த ஏடு சொல்லும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் 'புத்தகம் 1' என்ற ஏட்டில் ஏறும். கட்டணம் கட்டி மனுக் கொடுத்தால், இந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகலும் வாங்கலாம். இது யாரோ செய்யும் உதவி அல்ல. நமது உரிமை.

நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் கொல்கத்தாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டின் பத்திரம் வட்டாரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகி இருக்கலாம். மாவட்ட அலுவலகத்திலும் பதிவாகி இருக்கலாம். 'ரெஜிஸ்ட்ரார் ஆஃப் அஷ்யூரன்சஸ்' என்ற நகரப் பதிவு அலுவலகத்திலும் இருக்கலாம். எல்லா இடத்திலும் தேட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குத் தேடினால் நல்லது.

இரண்டாம் சாட்சி: நில அலுவலகம்

நாம் பட்டா என்கிறோம். அது போன்ற தாளை வங்காளத்தில் பர்ச்சா என்கிறார்கள். வருவாய்க் கிராமம் அங்கே மௌஜா. சர்வே எண் அங்கே தாக் எண். பட்டா எண் போன்றது கத்தியான் எண். இவை தெரிந்தால் வட்டார நிலச் சீர்திருத்த அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். 'பங்ளார் பூமி' என்ற அரசு இணையதளத்திலும் பார்க்கலாம்.

எல்லா இடத்துக்கும் பர்ச்சா இருக்காது. ஜாதவ்பூர், பெஹாலா, கார்டன் ரீச் ஆகியவை 1984இல் மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கே பர்ச்சா உண்டு. பழைய மைய நகரில் இந்த முறை இல்லை. அங்கே மற்ற இரண்டு சாட்சிகளையும் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

மூன்றாம் சாட்சி: மாநகராட்சி

வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறது? பாக்கி எவ்வளவு? இதைக் கொல்கத்தா மாநகராட்சியின் வரி மதிப்பீட்டுப் பிரிவு சொல்லும். வரிச் சீட்டில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரி ரசீதில் பெயர் இருந்தாலே வீடு அவருடையது ஆகிவிடுமா? ஆகாது. பெயர் மாற்றம் வரி வசூலுக்கானது. அது மட்டுமே உரிமை தராது என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன.

இன்னும் மூன்று எச்சரிக்கை

ஒன்று: குடிசைப் பகுதிகளில் 'டிக்கா' நிலங்கள் உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலங்களை அரசுக்கு உரியவை ஆக்கியது. மேலே உள்ள வீடு விற்பவருடையதாக இருக்கலாம். கீழே உள்ள நிலம் அவருடையது அல்ல. டிக்கா கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டு: அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். அதை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால், அந்தக் கடன் பதிவு ஏட்டில் தெரியாமல் போகலாம். நகலை மட்டும் காட்டினால், "அசல் எங்கே?" என்று கேளுங்கள்.

மூன்று: அளவைச் சரிபாருங்கள். அங்கே கட்டா கணக்கு வழக்கம். ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. 'இரண்டு கட்டா' என்றால் 1,440 சதுர அடி இருக்க வேண்டும்.

மூன்றும் ஒத்துப்போகிறதா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை இறந்துவிட்டார். மூத்த மகன் பெயரில் வரி ரசீது இருக்கிறது. அவர் தனியாக வீட்டை விற்க வருகிறார். பத்திரமோ தந்தை பெயரில் இருக்கிறது. தாய்க்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், பிறகு நீதிமன்றப் படி ஏற வேண்டியது நாம்தான்.

ஆகவே மூன்று ஏடுகளிலும் உள்ள பெயர், முகவரி, அளவு ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் கோடு போடுங்கள். அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கோடு போட்ட இடங்களுக்கு விளக்கம் கிடைக்கட்டும். அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரத்தையும் இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?