சர்க்கரையும் மணலும் தந்த கிராபீன்

பென்சிலால் ஒரு கோடு வரையுங்கள். தாளில் ஒட்டுவது கிராபைட். கார்பன் அணுக்கள் அறுகோணங்களாக இணைந்த படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 30 லட்சம் படலங்கள்! தனிப் படலமே கிராபீன். 2004-இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டுநாடாவால் இதைப் பிரித்தெடுத்தனர். 2010-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒட்டுநாடா தருவது சிறு துணுக்குகளையே. சந்தைக்கோ டன் கணக்கில் வேண்டும். என்ன வழி?

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர் 2012-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். ஆற்று மணலில் சர்க்கரைக் கரைசலைப் பூசி, நைட்ரஜன் சூழலில் சூடேற்றினர். சர்க்கரையிலுள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் வெளியேற, கார்பன் கிராபீன் போன்ற தகடுகளாக மணலில் ஒட்டிக்கொண்டது. சாயமோ பூச்சிக்கொல்லியோ கலந்த நீரை இக்கருமணலில் வடித்தால், அம்மூலக்கூறுகளைக் கார்பன் பரப்பு பற்றிக்கொள்கிறது.

அப்படியானால் எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத் தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்துவிடுமா? இல்லை. கடல்நீர் புகுந்த கிணற்றில் உப்பு அயனிகளாகக் கரைந்துள்ளது. இம்மணல் அதைப் பிடிக்காது. அதற்குக் காட்டுப்பள்ளி ஆலையில் உள்ளதுபோல் சவ்வு வேண்டும். அவ்வாலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர்! ஆய்வகக் குழாயில் வடிவதோ மிகச் சிறிதளவே. அளவு பெருகினாலும் மணலின் தரம் மாறக்கூடாது. பரப்பு நிரம்பியதும் அதைக் கழுவி மீட்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் கொட்டினால், பிடித்த நஞ்சு மீண்டும் நீருக்கே போகும்.

ஆகவே ‘கிராபீன் வடிகட்டி’ என்ற விளம்பரத்தைக் கண்டால் கேளுங்கள்: இது எதை நீக்கும்? எத்தனை லிட்டருக்குப் பின் மாற்ற வேண்டும்?